பலகை, பத்திரிகை, பேனர்: எழுத்துப்பிழை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி வட்டாரங்களில் கடைப் பலகை எழுதுகிறவர்கள், பேனர் அடிக்கிறவர்கள், கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும் அச்சுக்குக் கொடுக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. முழு இலக்கணப் பாடம் அல்ல. எந்தப் பிழை பொருளையே புரட்டிவிடுகிறது, எது வெறும் உறுத்தல், எது பிழையே அல்ல என்று பிரித்துப் பார்ப்பதுதான் நோக்கம். மூன்றையும் ஒரே கோலால் அடிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

'சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்' என்று ஊரெங்கும் எழுதியிருக்கிறது. அது தவறா?

தவறுதான். சொல் 'சுவர்'. அதோடு 'இல்' சேர்ந்தால் சுவரில். ஊர், ஊரில், தேர், தேரில், வேர், வேரில் என்பது போலத்தான். 'று' என்று முடியும் சொற்களுக்குத்தான் 'ற்று' வரும்: ஆறு, ஆற்றில், சேறு, சேற்றில், கிணறு, கிணற்றில், கயிறு, கயிற்றில். 'தேற்றில் சாமி வருகிறது' என்று எழுத யாருக்கும் கை வராது.

பிறகு சுவருக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? பேச்சுதான் காரணம். ஆற்றில் என்பதை 'ஆத்துல' என்கிறோம். கிணற்றில் என்பதைக் 'கெணத்துல' என்கிறோம். சுவரில் என்பதும் வாயில் 'செவத்துல' என்றே வருகிறது. எழுத உட்காரும்போது, 'த்து' எல்லாம் கொச்சை, 'ற்று'தான் திருத்தமான வடிவம் என்று மனம் ஒரு கணக்குப் போட்டு, சுவரையும் ஆற்றோடு சேர்த்துவிடுகிறது. ஆகவே இது அலட்சியத்தால் வந்த பிழை அல்ல. நன்றாக எழுத வேண்டும் என்ற ஆசையால் வந்தது. பலகைப் பிழைகளில் பாதிக்கு இதே குணம் உண்டு. கீழே வேறு சிலவற்றிலும் இதைப் பார்க்கலாம்.

'சுவறு' என்று தனியே ஒரு வினைச்சொல் இருக்கிறது. வற்றுதல், உள்ளே உறிஞ்சப்படுதல் என்று அதற்குப் பொருள். கடைமடை வாய்க்காலுக்கு அது பொருந்தும், பள்ளிக்கூடச் சுவருக்குப் பொருந்தாது.

ல, ள, ழ மூன்றையும் எங்கள் நாக்கு ஏறக்குறைய ஒன்றாகவே சொல்கிறது. எழுதும்போது எப்படிப் பிரிப்பது?

குறுக்கு வழி கிடையாது. சொல்லுக்குச் சொல் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஒரு வசதி: நம் பக்கத்துப் பலகைகளில் புழங்கும் சொற்கள் எண்ணிக்கையில் குறைவு. உரக்கடை, டிராக்டர் வாடகை, மனை விற்பனை, மெஸ், பந்தல், மைக் செட். இவற்றின் சொற்களை மட்டும் தெரிந்துகொண்டாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

டிராக்டர்காரர் 'உளவு இயந்திரம் வாடகைக்கு' என்று எழுதினால் அது வேவு பார்க்கும் இயந்திரம். வயலில் இறங்குவது உழவு இயந்திரம். உரக்கடையில் விற்பது களைக்கொல்லி. 'கலைக்கொல்லி' என்றால் ஆயகலைகளையும் அழிக்கும் மருந்தாகிவிடும். நெல் விளைகிற நிலம் விளைநிலம். 'விலைநிலம் விற்பனைக்கு' என்று மனைத் தரகர் எழுதும்போது, டெல்டாவின் இன்றைய நிலைமையை அவர் அறியாமலே சொல்லிவிடுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். இருந்தாலும் பிழை பிழைதான்.

மெஸ் பலகையில் 'மீன் குளம்பு' என்று இருந்தால் சாப்பிடப் போகிறவர் யோசிக்க வேண்டும். குளம்பு மாட்டின் காலில் இருப்பது. குழம்புதான் இலையில் ஊற்றுவது. மைக் செட்டுக்காரரின் வண்டியில் 'ஒலி, ஒளி அமைப்பு' என்று இருக்க வேண்டும்: ஒலி சத்தம், ஒளி வெளிச்சம். 'ஒழி' என்று ஒரு எழுத்து மாறினால் சாபமாகிவிடும். குலதெய்வம் குடும்பத்தின் தெய்வம். 'குளதெய்வம்' என்பதற்குக் குளக்கரையில் ஒரு சாமி இருந்தால் வேண்டுமானால் சமாதானம் சொல்லலாம்.

ண, ன, ந குழப்பத்துக்கும் இதேதானா பதில்?

இல்லை, இதற்குப் பாதி வழி இருக்கிறது. 'ட'வுக்கு முன்னால் ண் மட்டுமே வரும், 'ற'வுக்கு முன்னால் ன் மட்டுமே வரும், 'த'வுக்கு முன்னால் ந் மட்டுமே வரும். வேண்டும், கொண்டு, மீண்டும். நன்றி, என்று, ஒன்று. வந்து, பந்தல், சந்தை. இவ்வளவுதான். 'வேன்டும்', 'கொன்டு' என்று தமிழ்ச் சொல் எதுவும் கிடையாது. (லண்டன், பேண்ட் போன்ற கடன் சொற்களிலும் வழக்கம் ண் போடுவதுதான்.)

மீதிப் பாதிக்கு நினைவுதான். அதில் முதலிடம் அன்னதானத்துக்கு. அன்னம் என்றால் சோறு, இரண்டு சுழி ன. 'அண்ணதானம்' என்றால் அண்ணனைத் தூக்கிக் கொடுப்பது போலாகும். கோயில் வாசலில், விழாக் குழுவினர் பெயர்களோடு, ஆளுயர எழுத்தில் இந்தப் பிழையைப் பார்க்க மனம் பொறுக்காது. அதே நோட்டீஸில் 'ஆணித் திருமஞ்சனம்' வந்தால் அதையும் மாற்றுங்கள். மாதம் ஆனி, சுவரில் அடிப்பது ஆணி. திருப்பணிக்கு மூன்று சுழி. 'திருப்பனி' மார்கழியில் பெய்யட்டும்.

நல் என்பதோடு ந சேரும் இடமும் கவனிக்க வேண்டியது. நல் + நாள் நன்னாள், நல் + நீர் நன்னீர். ஆகவே 'இந்நன்நாளில்' அல்ல, இந்நன்னாளில். குடமுழுக்கு அழைப்பிலும் திருக்குட நன்னீராட்டு என்பதே சரி.

'ஆழ்ந்த இறங்கல்' என்று போடலாமா?

கூடாது. இரங்குதல் வருந்துதல், இறங்குதல் கீழே வருதல். எனவே ஆழ்ந்த இரங்கல். இறந்தார் என்பதில் வல்லின ற வருவதால், இரங்கலுக்கும் அதுவே இருக்கும் என்று கை தானாகப் போகிறது. கண்ணீர் அஞ்சலி பேனர் விடியற்காலையில், அழுகைக்கு நடுவில், யாரோ ஒரு பையன் போனில் சொல்ல, கடைக்காரர் அவசரமாக அடிப்பது. அதனால் பேனர் கடைக்காரர்களே இந்த ஒரு சொல்லைச் சரியாக வைத்துக்கொண்டால் நல்லது. துக்க வீட்டுக்காரர் திருத்துவார் என்று எதிர்பார்க்க முடியாது.

ர, ற மாறுவதால் கெடும் மற்றவை: கோழிக்கறி, 'கோழிக்கரி' ஆனால் அடுப்புக்கரிதான். குளிர்சாதன அறை, 'அரை' என்றால் பாதி. வடபுறம், தென்புறம் என்று திசை சொல்லும்போது ற. திருக்கண்ணபுரம் போன்ற ஊர்ப் பெயரில் ர. அக்கறை பரிவு, அக்கரை ஆற்றின் எதிர்க்கரை. 'மக்கள் மீது அக்கரை கொண்டவர்' என்று தலைவருக்குப் பேனர் வைத்தால், கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறவர் என்று ஆகிவிடும்.

ஒற்றுப்பிழைக்கு ஏதாவது சுருக்கமான வழி சொல்லுங்கள். க், ச், த், ப் எங்கே போடுவது?

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். பயத்தின் விளைவு இரண்டு விதமாக இருக்கிறது: சிலர் எங்குமே போடுவதில்லை, சிலர் எல்லா இடத்திலும் தூவிவிடுகிறார்கள். இரண்டாவது கூட்டம் இப்போது பெருகிவருகிறது.

கட்டாயம் போட வேண்டிய இடங்களில் பலகைக்குத் தேவையானவை சில. 'ஐ' உருபுக்குப் பின்: சாலையைக் கடக்கவும், வண்டியைப் பூட்டவும். 'கு' உருபுக்குப் பின்: வாடகைக்குக் கிடைக்கும், ஊருக்குப் போகும் வழி. அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி ஆகியவற்றுக்குப் பின்: இந்தக் கடை, எந்தப் பேருந்து. எடுத்து, பார்த்து, படித்து என வல்லெழுத்து இரட்டித்து முடியும் வினைகளுக்குப் பின்: எடுத்துச் செல்லவும், பார்த்துப் போகவும். இரண்டு பெயர்கள் ஒட்டி ஒரே பொருளைச் சொல்லும்போது: கல்லணைக் கால்வாய், ஏரிக்கரை, ஆடிப்பெருக்கு, தண்ணீர்ப் பந்தல்.

போடக் கூடாத இடங்கள்தான் இன்று அதிகம் கெடுகின்றன. 'சுவையானக் காபி', 'தரமானக் கட்டுமானம்', 'சிறந்தப் பள்ளி', 'புதியக் கடை' நான்கும் தவறு. சுவையான, தரமான, சிறந்த, புதிய, நல்ல, வந்த, செய்த போன்ற சொற்களுக்குப் பின்னால் ஒற்று வராது. சுவையான காபி, சிறந்த பள்ளி என்று விட்டுவிட வேண்டும். அதேபோல, செய்து, பழுது, வந்து போன்றவற்றுக்குப் பின்னும் கிடையாது: செய்து தரப்படும், பழுது பார்க்கப்படும். 'பழுதுப் பார்க்கப்படும்' என்ற பலகையையே முதலில் பழுது பார்க்க வேண்டும். 'வெற்றிலைப் பாக்கு' என்றும் வேண்டாம். வெற்றிலையும் பாக்கும் இரண்டு பொருள்கள், நடுவில் 'உம்' மறைந்திருக்கிறது. ஆகவே வெற்றிலை பாக்கு.

ஒரு ஒற்றினால் அப்படி என்ன பொருள் மாறிவிடப் போகிறது?

பெரும்பாலான இடங்களில் மாறாது என்பது உண்மைதான். 'வாடகைக்கு கிடைக்கும்' என்று எழுதியிருந்தாலும் வீடு வாடகைக்குப் போய்விடும். ஆனால் சில இடங்களில் மாறும். கீரைக் கடை என்றால் கீரை விற்கும் இடம். 'கீரை கடை' என்றால், மத்தை எடுத்துக் கீரையைக் கடையும்படி போகிற வருகிறவர்களுக்கு எல்லாம் கட்டளை. 'வேலை கொடு' என்பது பணி கேட்கும் போராட்டம். 'வேலைக் கொடு' என்பது சுவாமிமலை முருகனின் கையிலிருக்கும் வேலைக் கேட்பது. பொருள் மாறுகிற இத்தகைய இடங்களை முதலில் சரிசெய்யுங்கள்.

கொள்முதல் நிலையப் பலகையைப் பார்த்து, 'நெற்கொள்முதல் என்றல்லவா இருக்க வேண்டும்' என்று கேட்கிறவர்களும் உண்டு. இலக்கணப்படி புணர்த்தினால் அப்படித்தான் வரும். ஆனால் இடைவெளி விட்டு நெல் கொள்முதல் என்று எழுதுவது எல்லோருக்கும் புரிகிற, நிலைத்துவிட்ட வழக்கம். மூட்டையோடு ஈரப்பதத்துக்கு அஞ்சிக் காத்திருக்கும் விவசாயிக்கு முன்னால் அந்த விவாதம் எடுபடாது.

பத்திரிகையில் 'திருவளர்ச்செல்வன்' என்றுதானே எல்லோரும் போடுகிறார்கள்?

போடுகிறார்கள், ஆனால் ச் வேண்டியதில்லை. திருவளர்செல்வன், திருநிறைசெல்வி. வளர்கிற, வளர்ந்த, வளரும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும்படி வினை ஒட்டி நிற்பதால் அது வினைத்தொகை. வினைத்தொகையில் ஒற்று மிகாது. ஊறுகாய் என்கிறோம், ஊறுக்காய் என்பதில்லை.

இதே விதிக்கு நம்மூரிலேயே பெரிய சான்று ஒன்று இருக்கிறது: மயிலாடுதுறை. மயில் ஆடுகிற துறை. 'மயிலாடுத்துறை' என்று எழுதினால் ஊரின் பெயரே கெட்டுவிடும். மாயவரம், மாயூரம் என்று வழங்கிய ஊருக்கு 1982இல் அரசு இந்தப் பெயரை ஏற்றது. 2020 டிசம்பரில் அது தனி மாவட்டத்தின் பெயராகவும் ஆனது.

வேறு எந்த ஊர்ப் பெயர்கள் அடிக்கடி தவறாக எழுதப்படுகின்றன?

நாகப்பட்டினம். இதை 'நாகபட்டினம்', 'நாகப்பட்டிணம்' என்று இரண்டு விதமாகக் கெடுக்கிறார்கள். கடற்கரை ஊர் பட்டினம், ன. பொதுவாக நகரம் பட்டணம், ண. இரண்டையும் கலந்து செய்த ஒட்டுச்செடிதான் 'பட்டிணம்'; அப்படி ஒரு சொல் கிடையாது. காவிரிப்பூம்பட்டினம், அதிராம்பட்டினம் எல்லாவற்றுக்கும் இதே எழுத்துதான்.

வேளாங்கண்ணி. மாதா கன்னி என்பதால் ஊர்ப் பெயரும் 'கன்னி' என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூன்று சுழி ண்ணிதான்.

திருவாவடுதுறையும் ஆடுதுறையும் வெவ்வேறு ஊர்கள். முன்னது ஆதீனத்தால் பெயர் பெற்றது, பின்னது நெல் ஆராய்ச்சி நிலையத்தால். 'திருவாடுதுறை' என்று எழுதினால் எந்த ஊருக்குப் போவது என்று ஓட்டுநர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஓட்டுநரா, ஓட்டுனரா?

ஓட்டுநர், நடத்துநர், இயக்குநர், ஆளுநர், பெறுநர், அனுப்புநர். ஓட்டு, நடத்து, இயக்கு என்ற வினையோடு 'நர்' சேர்கிறது. உறுப்பினரில் வரும் ன வேறு வகை. அதை மாற்றப் போக வேண்டாம்.

'வாழ்த்துக்கள்' தவறு என்று சண்டை போடுகிறார்களே?

அது முடியாத சண்டை. வாழ்த்து என்பது வன்தொடர்க் குற்றியலுகரம், அதாவது வல்லின ஒற்றை அடுத்து உகரத்தில் முடியும் சொல், அதன் பின் வல்லினம் மிகும், ஆகவே வாழ்த்துக்கள் சரி என்பது ஒரு தரப்பு. 'கள்' என்பது பன்மை விகுதிதானே தவிர, பின்னால் வந்து சேரும் தனிச்சொல் (வருமொழி) அல்ல, ஆகவே வாழ்த்துகள் என்பதே சரி, க் சேர்த்தால் குடிக்கிற கள்ளாகிவிடும் என்பது மறு தரப்பு. நான் வாழ்த்துகள் என்று எழுதுகிறேன். அடுத்தவர் பேனரில் வாழ்த்துக்கள் என்று இருந்தால் தொடுவதில்லை. நாட்கள், நாள்கள் விஷயத்திலும் அப்படியே. கள்ளைப் பற்றிய நகைச்சுவையை முதல் தடவை கேட்கும்போது சிரிக்கலாம்.

காவிரியா காவேரியா? கோயிலா கோவிலா?

எல்லாம் சரி. 'நடந்தாய் வாழி காவேரி' என்று பாடும் சிலப்பதிகாரத்தையும், 'கடற்காவிரி' என்று சொல்லும் பட்டினப்பாலையையும் வைத்துக்கொண்டு, எது பிழை என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு என்ன தகுதி? பேச்சில் எங்கள் பக்கத்தவர்கள் காவேரி என்பார்கள், செய்தித்தாள் காவிரி என்று எழுதும். ஒரே பலகையில் இரண்டும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கோ என்பதோடு இல் சேர்ந்தால் விதிப்படி கோவில். ஆனால் கோயில் என்பதும் பழைய இலக்கியத்திலிருந்தே வருகிறது. கருப்பு, கறுப்பு, பவளம், பவழம், சிவப்பு, சிகப்பு, மகாமகம், மாமகம் எல்லாம் இந்த வகையில் சேரும். ஓர், ஒரு வேறுபாட்டையும் பலகையில் கடுமையாகப் பார்க்க வேண்டியதில்லை. உயிரெழுத்துக்கு முன் ஓர் என்பது விதி, 'ஓர் ஏக்கர்' என்று எழுதினால் அழகு. 'ஒரு ஏக்கர்' என்று எழுதியதற்காக யாருடைய பத்திரமும் செல்லாமல் போனதில்லை.

நிறுத்தக்குறிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

ஏனென்றால் அவை நம்மிடம் பிறந்தவை அல்ல. ஓலைச்சுவடியில் கால்புள்ளியும் கேள்விக்குறியும் கிடையாது. ஐரோப்பியர் கொண்டுவந்த அச்சோடு வந்தவை அவை. நம் கரையிலேயே, தரங்கம்பாடியில், 1706இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு அச்சுக்கூடம் வைத்து 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அந்த வழியில் வந்த குறிகளுக்கு முந்நூறு ஆண்டு ஆகியும் பலகையில் இன்னும் குடியுரிமை கிடைக்கவில்லை.

ஒரு முற்றுப்புள்ளி என்ன செய்யும் என்று பாருங்கள். 'நுழைவுக் கட்டணம் இல்லை குழந்தைகளுக்கு மட்டும்' என்று பொருட்காட்சி வாசலில் எழுதியிருக்கிறது. 'இல்லை'க்குப் பின் புள்ளி வைத்தால், உள்ளே போவது இலவசம், ஆனால் குழந்தைகள் மட்டுமே போகலாம். புள்ளி இல்லாவிட்டால், குழந்தைகளுக்கு இலவசம், நீங்கள் பணம் கட்ட வேண்டும். டிக்கெட் கொடுக்கிறவரோடு தகராறு இங்கேதான் தொடங்குகிறது.

இடைவெளியும் ஒரு குறிதான். 'தம்பி வந்துவிட்டான்' என்றால் வந்து சேர்ந்துவிட்டான். 'தம்பி ரயிலடிவரை வந்து விட்டான்' என்றால் கூட வந்து வழியனுப்பிவிட்டுப் போனான். ஒட்டி எழுதுவதா பிரித்து எழுதுவதா என்று தயங்கும்போது, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூச்சு நிற்கும் இடத்தில் பிரியுங்கள்.

மேற்கோள் குறியைத் தயவுசெய்து அழுத்தத்துக்காகப் போடாதீர்கள். 'சுத்தமான' நெய் என்று சுத்தத்தை மட்டும் குறிகளுக்குள் நிறுத்தினால், படிக்கிறவருக்கு அந்தச் சுத்தத்தின் மேல்தான் சந்தேகம் வரும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், நிறத்தை மாற்றுங்கள், அது போதும். 'வருக!! வருக!!!' என்று ஏறிக்கொண்டே போகும் வியப்புக்குறிகளை நான் எதிர்ப்பதில்லை. திருவிழாவில் வெடி போடுகிற உற்சாகம் அது.

50ம் ஆண்டு என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடலாம். '50ம்' என்பதை 'ஐம்பதும்' என்றுதான் படிக்க வேண்டியிருக்கும். 50ஆம் ஆண்டு, 2ஆவது தெரு. 'மற்றும்' என்பதையும் குறைக்கலாம். 'இட்லி, தோசை மற்றும் பொங்கல்' என்பதைவிட 'இட்லி, தோசை, பொங்கல் கிடைக்கும்' என்பதே வாயில் நிற்கிறது.

பெரிய கோயில் கல்வெட்டிலேயே பிழை இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

அதைப் பிழை என்று சொல்லக் கூடாது. இராசராசன் தானும், தன் அக்கனும், பெண்டுகளும், மற்றவர்களும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டச் சொன்ன அந்தப் புகழ்பெற்ற வாசகத்தில் 'குடுத்தன' என்றுதான் இருக்கிறது. கொடுத்தன என்று இல்லை. தஞ்சாவூரில் இன்று காதில் விழும் 'குடுத்தான்' ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் ஏறிவிட்டது. எழுத்துக்கூட்டல் எங்கும் ஒன்றே என்ற கட்டாயம் அப்போது இல்லை.

சுவடிகளிலோ புள்ளியே வைக்க மாட்டார்கள், ஓலை கிழியும். குறில் எகரம் எது, நெடில் ஏகாரம் எது, ரகரம் எது, கால் எது என்று எழுத்தைப் பார்த்துத் தெரியாது. இடம் பார்த்துத்தான் தெரியும். எகர ஒகரங்களில் குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்டும் இன்றைய முறைக்கு வழிசெய்தவர் என்று பெயர் பெற்றவர் வீரமாமுனிவர். கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் இருந்தவர். 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் பழைய நூல்களைப் பதிப்பிக்கப் பட்ட பாட்டில் பெரும்பங்கு, ஒரே மாதிரி தெரியும் எழுத்துகளில் எது எது என்று கண்டுபிடிப்பதுதான்.

பழைய கட்டடங்களில் லை, ணை, னை ஆகியவற்றுக்குத் தும்பிக்கை போல வளைந்த வடிவம் இருக்கும். அதுவும் பிழை அல்ல. பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல்தான் ஏற்றது. அதற்கு முந்தைய பலகையைப் புதுப்பிக்கிறேன் என்று எழுத்தை மாற்றிவிடாதீர்கள்.

கணினியில் அடித்தால் மட்டும் பிழை அதிகமாகிறது. ஏன்?

ஆங்கில விசைகளை வைத்துத் தமிழ் அடிக்கும் முறையில், ஷிப்ட் விசையை விட்டுவிட்டால் ண வரவேண்டிய இடத்தில் ன, ள வரவேண்டிய இடத்தில் ல, ற வரவேண்டிய இடத்தில் ர வந்து உட்காரும். 'அரசு மேல்நிலைப் பல்லி' என்ற பேனர் அப்படித்தான் உருவாகிறது. அதை அடித்த பையனுக்குப் பள்ளி என்று எழுதத் தெரியாமல் இல்லை, சுண்டுவிரல்தான் அழுந்தவில்லை. 1999இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் உண்டு. தினமும் பேனர் அடிக்கிறவர்கள் அதைப் பழகுவது நல்லது.

இன்னொரு பிழை கண்ணுக்குத் தெரியாது. ர் என்பதற்குப் பதிலாகத் துணைக்கால் மேல் புள்ளி வைத்து அடிப்பது. ஔ என்பதற்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடிப்பது. அச்சில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் கைபேசியில் தேடினால் உங்கள் கடை அகப்படாது. வேதாரண்யம் பக்கம் துளசியாப்பட்டினத்தில் கோயில் கொண்டிருக்கும் கிழவியைத் தேடுகிறவர்கள், அவ்வையார் என்று அடித்துவிடுவது பாதுகாப்பு. அதுவும் சரியான வடிவமே.

ஆங்கிலப் பலகைகளின் பிழைகளைச் சொல்லவில்லையே?

இரண்டு மட்டும். பன்மை காட்டும் எஸ் எழுத்துக்கு முன்னால் மேலே ஒரு கொக்கி போடும் பழக்கம். அந்தக் கொக்கி உடைமையையோ விடுபட்ட எழுத்தையோ காட்டுவது. பன்மைக்கு அது வேண்டாம். இது நமக்கு மட்டுமே உரிய பிழையும் அல்ல. இங்கிலாந்திலேயே இதற்குக் காய்கறிக் கடைக்காரரின் கொக்கி என்று கேலிப் பெயர் இருக்கிறது. அடுத்தது ஸ்டேஷனரி. கடைசியில் ஆர் எழுத்துக்கு முன் ஈ வந்தால் நோட்டு, பேனா விற்கும் கடை. ஏ வந்தால் அசையாமல் நிற்பது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைகளில் பல அசையாமல்தான் நிற்கின்றன.

ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்ற பேச்சில் நான் நுழையப் போவதில்லை. 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. எழுந்த குழப்பத்தில் சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

வாட்ஸ்அப்பில் வரும் மாதிரியைக் கைபேசித் திரையில் பார்த்து 'ஓகே' அனுப்பாதீர்கள். தாளில் எடுத்துப் படியுங்கள். பெயர்கள், தேதி, கிழமை ஆகியவற்றை வேறொருவர் சத்தமாகப் படிக்க, நீங்கள் மூலத்தோடு ஒப்பிடுங்கள். தேதிக்கும் கிழமைக்கும் பொருந்தாத பத்திரிகை, ஒற்று விட்டுப்போன பத்திரிகையைவிடப் பெரிய சங்கடம். தாய்மாமன் பெயரில் பிழை வந்தால் எந்த இலக்கணமும் காப்பாற்றாது. பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்பைக் கடைசியாக ஒரு தடவை தனியாகப் பாருங்கள். சிறிய எழுத்தைத் துருவித் துருவிப் பார்க்கிறவர்கள் கோட்டை விடுவது தலைப்பில்தான்.

போன வருடத்து நோட்டீஸின் கோப்பைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுவது நம் வழக்கம். அதிலிருந்த பிழையும் ஆண்டுதோறும் திருவிழாக் காணும். அந்தக் கோப்பையே ஒரு முறை திருத்தி வைத்துவிடுங்கள்.

பேனர் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. இப்போது பிழை கண்ணில் படுகிறது. சொல்லலாமா?

பொருள் மாறியிருந்தாலோ, தேதி, இடம், பெயர் தவறியிருந்தாலோ உடனே சொல்லுங்கள். ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்யலாம். வெறும் ஒற்று என்றால் விழா முடியட்டும். பிறகு கடைக்காரரிடம் தனியாக, அடுத்த வேலைக்கு அவர் கோப்பைத் திறக்கும்போது சொல்லுங்கள். படம் எடுத்து ஊர்க் குழுவில் போட்டுச் சிரிப்பதால் எந்தப் பலகையும் திருந்தியதில்லை. பலகை எழுதுகிறவருக்கு அடுத்த முறை தமிழில் எழுதவே கூச்சம் வந்து, முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதிவிடுவதுதான் நடக்கும்.